சிறிய ஊர்க் குடிநீர்த் திட்டத்தைப் பாதுகாப்பாகவும் விதிப்படியும் நடத்துவது எப்படி: முழுமையான வழிகாட்டி

2000ஆம் ஆண்டு மே மாதம், கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் வாக்கர்டன் என்ற சிற்றூரில் பலத்த மழை பெய்தது. ஊரின் ஆழம் குறைந்த கிணறு ஒன்றுக்குள் பக்கத்துப் பண்ணையின் எருக் கழிவு இறங்கியது. ஏறக்குறைய 5,000 பேர் வாழ்ந்த ஊரில் 2,300 பேர் நோயில் விழுந்தார்கள், 7 பேர் இறந்தார்கள். பிறகு நடந்த விசாரணையில் தெரியவந்த செய்திதான் சிறிய திட்டம் நடத்தும் எல்லோரும் நினைவில் வைக்க வேண்டியது. தண்ணீரில் மிஞ்சியிருக்கும் குளோரினை அங்கே தினமும் அளக்கவே இல்லை. பதிவேட்டில் மட்டும் லிட்டருக்கு 0.5, 0.75 மில்லிகிராம் என்று நாள் தவறாமல் எழுதி வந்தார்கள். ஒழுங்காக அளந்திருந்தால் ஒரே நாளில் கோளாறு பிடிபட்டிருக்கும்.

கிணறோ ஆழ்துளைக் கிணறோ ஒன்று, மோட்டார், மேல்நிலைத் தொட்டி, சில நூறு வீடுகளுக்குக் குழாய், பார்த்துக்கொள்ள ஓர் ஆபரேட்டர். இந்த அளவுள்ள திட்டங்களுக்காக எழுதியது இது. ஆய்வக அறிக்கை வரும்போது அந்தத் தண்ணீரை ஊர் குடித்து முடித்திருக்கும் என்பதால், தினசரி அளவீட்டையே மையமாக வைத்துச் சொல்கிறேன். அது சரியாக நடந்தால் விதிமுறைக்கான காகித வேலையில் முக்கால்வாசி தானாக முடிந்துவிடும்.

படி 1: எந்த விதி, எந்த அளவு, யாருக்குத் தகவல்

ஒவ்வொரு நாட்டுக்கும் தனித் தரநிலை உண்டு. உங்கள் பகுதிக்குப் பொருந்தும் ஆவணத்தை வாங்கி, நான்கு விஷயங்களை மட்டும் ஒரே தாளில் எழுதி மோட்டார் அறைச் சுவரில் ஒட்டுங்கள்: எதையெல்லாம் சோதிக்க வேண்டும், எவ்வளவு வரை இருக்கலாம், எத்தனை நாளுக்கு ஒரு முறை, மீறினால் எத்தனை மணி நேரத்துக்குள் யாருக்குச் சொல்ல வேண்டும். கடைசி விஷயத்தைத்தான் பலரும் எழுத மறக்கிறார்கள். தொலைபேசி எண்ணையும் அதிலேயே எழுதிவிடுங்கள்.

பல நாடுகளின் தரநிலைக்கு அடித்தளம் உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவுகள். மலம் கலந்திருப்பதைக் காட்டிக்கொடுக்கும் ஈ.கோலை கிருமி 100 மில்லிலிட்டர் நீரில் ஒன்றுகூட இருக்கக் கூடாது. ஒரு லிட்டருக்கு நைட்ரேட் 50 மில்லிகிராம், ஃபுளோரைடு 1.5, ஆர்செனிக் 0.01, ஈயம் 0.01, யுரேனியம் 0.03 மில்லிகிராம் வரை. உங்கள் நாட்டு அளவு இதைவிடக் கடுமையாக இருந்தால் அதுதான் செல்லும்.

இந்தப் பட்டியலில் எல்லாமே ஒரே அவசரம் இல்லை. கிருமி யாரையும், நைட்ரேட் கைக்குழந்தைகளை, சில நாட்களிலேயே படுக்கவைக்கும். ஃபுளோரைடும் ஆர்செனிக்கும் பல வருடம் குடித்தால்தான் எலும்பிலும் தோலிலும் காட்டும். பணமும் நேரமும் குறைவாக இருக்கும் இடத்தில் முதல் கவனம் கிருமிக்கே.

படி 2: மூலத்திலிருந்து கடைசிக் குழாய் வரை நடந்து பாருங்கள்

எந்தக் கருவியும் வேண்டாம், ஒரு நோட்டும் பேனாவும் போதும். மழை பெய்து முடிந்த மறுநாள் போவது நல்லது. தண்ணீர் எங்கே தேங்குகிறது, எங்கிருந்து எங்கே ஓடுகிறது என்று அன்றைக்குத்தான் கண்ணுக்குத் தெரியும்.

கிணற்றடியில்: சுற்றியுள்ள சிமென்ட் மேடையில் வெடிப்பு இருக்கிறதா? ஆழ்துளைக் கிணற்றின் உறைக்குழாய் தரைமட்டத்துக்கு மேலே நீண்டு, வாய் இறுக மூடியிருக்கிறதா? மின்கம்பி உள்ளே போகும் ஓட்டை அடைபட்டிருக்கிறதா? விரல் நுழையும் அந்த ஓட்டை வழியாகப் பூச்சியும் வெள்ளநீரும் தாராளமாகப் போகும். கழிவறைக் குழி, செப்டிக் டேங்க், மாட்டுத்தொழுவம், எருக்குழி எதுவும் 30 மீட்டருக்குள் இருக்கக் கூடாது என்பது பரவலாகச் சொல்லப்படும் அளவு. மணற்பாங்கான நிலம், பிளவுபட்ட பாறை, மேட்டுப்பக்கத்திலிருக்கும் குழி என்றால் அதுவும் போதாது.

"எங்களுடையது நிலத்தடி நீர், அதற்கெதற்கு மருந்து" என்ற நம்பிக்கை எல்லா ஊரிலும் உண்டு. நியூசிலாந்தின் ஹேவ்லாக் நார்த் நகரம் குளோரின் போடாமல் ஆழ்துளைக் கிணற்று நீரையே குடித்து வந்தது. 2016 ஆகஸ்டில் கனமழைக்குப் பிறகு ஆட்டுச் சாணத்தின் கிருமி அந்த நீரில் கலந்து, 5,000 பேருக்கு மேல் வயிற்றுப்போக்கில் விழுந்தார்கள். இதற்கு மேல் எனக்கு வாதம் தேவைப்படவில்லை.

தொட்டியில்: மூடி பூட்டியிருக்கிறதா, காற்றுக்குழாயிலும் வழிந்தோடும் குழாயிலும் வலை இருக்கிறதா, உள்ளே பறவை எச்சமோ இறகோ கிடக்கிறதா. தண்ணீர் உள்ளே வரும் குழாயும் வெளியே போகும் குழாயும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால், வந்த நீர் நிற்காமல் அப்படியே வெளியே போய்விடும். இது ஏன் ஆபத்து என்பது படி 4இல் வரும்.

குழாய்ப் பாதையில்: சாக்கடைக்குள் மூழ்கிப் போகும் இணைப்புகள், குழியில் நீர் தேங்கிய வால்வுகள், நீண்டநாள் கசிவுகள். தண்ணீரைச் சில மணி நேரம் மட்டும் விடும் திட்டங்களில் இது இன்னும் மோசம். வால்வை மூடியதும் குழாயில் அழுத்தம் இறங்கும். கசிந்து வெளியே போன அதே ஓட்டை வழியாகச் சாக்கடை நீர் உள்ளே உறிஞ்சப்படும். வீட்டுத் தொட்டியிலோ வாளியிலோ முங்கிக் கிடக்கும் ஹோஸும் இதையேதான் செய்யும். குழாயின் வாய்க்கும் நீர்மட்டத்துக்கும் நடுவே காற்று இடைவெளி இருந்தால் இது நடக்காது.

பார்த்ததையெல்லாம் ஆம், இல்லை என்று குறித்து, பக்கத்தில் யார், எந்தத் தேதிக்குள் சரிசெய்வார்கள் என்று எழுதுங்கள். நீர்ப் பாதுகாப்புத் திட்டம் என்று அதிகாரிகள் கேட்கும் ஆவணத்தின் கரு இதுதான். மூடிக்கு ஒரு பூட்டு, காற்றுக்குழாய்க்கு ஒரு வலை, மேடை வெடிப்புக்கு ஒரு சட்டி சிமென்ட் என்று ஆபத்தில் பெரும்பகுதி சில்லறைச் செலவிலேயே குறையும்.

படி 3: மூல நீரை ஒரு முறை முழுதாகச் சோதியுங்கள்

புதுக் கிணறு என்றால் பயன்பாட்டுக்கு வரும் முன்பே, பழைய கிணறு என்றால் இப்போதே, ரசாயனச் சோதனை முழுவதையும் அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் செய்துவிடுங்கள். நிலத்தடி நீரின் ரசாயனம் மெதுவாகத்தான் மாறும் என்பதால் பிறகு விதி சொல்லும் இடைவெளி போதும். நைட்ரேட் மட்டும் விதிவிலக்கு. உரமும் கழிவுநீரும் இறங்கும் இடங்களில் மழைக்காலத்துக்கு முன்னும் பின்னும் பார்ப்பது நல்லது. ஈயம் பெரும்பாலும் மூலத்திலிருந்து வருவதில்லை, குழாயிலும் பற்றவைப்பிலும் இருந்து கரைவது. ஆகவே அதை வீட்டுக் குழாயில்தான் தேட வேண்டும்.

படி 4: குளோரின்

இங்கே அவசரப்படாதீர்கள். குளோரினுக்கு இரண்டு வேலை. ஒன்று, தொட்டியில் இருக்கும்போது கிருமியைக் கொல்வது. இன்னொன்று, குழாயில் போகும்போது புதிதாக நுழைவதைத் தடுத்து நிற்பது. முதல் வேலைக்கு, குறைந்தது 30 நிமிடம் நீரோடு கலந்திருந்த பிறகும் லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் மிஞ்ச வேண்டும். இரண்டாவதற்கு, கடைசி வீட்டுக் குழாயில் குறைந்தது 0.2 இருக்க வேண்டும்.

அந்த 30 நிமிடத்தில்தான் பல ஊர்கள் கோட்டைவிடுகின்றன. மோட்டாரிலிருந்து தொட்டிக்கு ஏறும் குழாயிலேயே இரண்டு வீட்டுக்கு இணைப்பு கொடுத்திருப்பார்கள். அந்த வீடுகளுக்குக் குளோரினும் கிருமியும் சேர்ந்தே போய்ச் சேரும். தொட்டிக்குள் நீர் நிற்காமல் ஓடிவிட்டாலும் இதே கதைதான்.

குளோரினுக்கு எதிரி இரண்டு. கலங்கல் முதலாவது. மண்துகளுக்குள் ஒளிந்த கிருமியைக் குளோரின் தொடாது. மருந்திடும் முன் கலங்கல் 1 என்டியுவுக்கு (கலங்கலை அளக்கும் அலகு) கீழே இருப்பது நல்லது. சிறிய திட்டங்களில் அதிகபட்சம் 5. அதற்கு மேல் என்றால் முதலில் வடிகட்டல் வேண்டும். அடுத்தது பிஹெச், அதாவது நீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் எண். 7.5இல் குளோரினில் ஏறக்குறைய பாதிதான் வேகமாகக் கொல்லும் வடிவத்தில் இருக்கும், 8.5இல் பத்தில் ஒரு பங்குதான். பிஹெச் 8ஐத் தாண்டினால் அதே 0.5 போதாது; அளவையோ நேரத்தையோ கூட்ட வேண்டும்.

ஆற்று நீர், ஏரி நீர் எடுப்பவர்களுக்கு இன்னொன்று. கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணி, குடிநீரில் போடும் குளோரினுக்கு அசையவே அசையாது. 1993இல் அமெரிக்காவின் மில்வாக்கி நகரத்தில் லட்சக்கணக்கானவர்களைப் பாதித்தது இதுதான். அதற்கு நல்ல வடிகட்டலோ புற ஊதா விளக்கோ வேண்டும்.

எவ்வளவு போடுவது? முதலில் தண்ணீர் எவ்வளவு குளோரினைத் தின்கிறது என்று பாருங்கள். 25 சதவீதம் வீரியமுள்ள பிளீச்சிங் பவுடர் 40 கிராமை ஒரு லிட்டர் நீரில் கரைத்தால் 1 சதவீதக் கரைசல் கிடைக்கும். நான்கு பிளாஸ்டிக் வாளிகளில் வாளிக்கு 10 லிட்டர் மூல நீர் பிடித்து, அந்தக் கரைசலில் முறையே 1, 2, 3, 4 மில்லிலிட்டர் ஊசிக்குழாயால் விட்டுக் கலக்குங்கள். 10 லிட்டரில் ஒரு மில்லிலிட்டர் என்பது லிட்டருக்கு 1 மில்லிகிராம் என்றாகும், கணக்கு சுலபம். அரை மணி நேரம் மூடி வைத்துவிட்டு ஒவ்வொன்றிலும் மிஞ்சிய குளோரினை அளந்து பாருங்கள் (அளக்கும் முறை படி 5இல்). எந்த வாளியில் 0.5க்குக் கொஞ்சம் மேலே மிஞ்சியிருக்கிறதோ அதுதான் உங்கள் அளவு. கடைசிக் குழாயில் 0.2 வரவில்லை என்றால் சற்றுக் கூட்டிக்கொள்ளுங்கள். மழைக்காலத்தில் இந்தச் சோதனையைத் திரும்பச் செய்ய வேண்டும்.

விடை லிட்டருக்கு 2 மில்லிகிராம் என்று வைப்போம். 50,000 லிட்டர் தொட்டிக்கு 1,00,000 மில்லிகிராம், அதாவது 100 கிராம் குளோரின். 25 சதவீதப் பவுடரில் அது 400 கிராம். சரி, பையில் 33 சதவீதம் என்று அச்சடித்திருக்கிறதே? அது ஆலையிலிருந்து வந்த அன்றைய வீரியம். வெயிலிலும் ஈரத்திலும் கிடந்த பையில் பாதிகூட இருக்காது. இருட்டான, உலர்ந்த, காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். மோட்டார் பேனல் பக்கத்தில் வேண்டவே வேண்டாம், இரும்பை அரித்துவிடும். திரவ ஹைப்போகுளோரைட் இன்னும் வேகமாக வீரியம் இழக்கும்.

பவுடரை நேரடியாகத் தொட்டியில் கொட்டாதீர்கள். வாளியில் முதலில் தண்ணீர், அதில் பவுடர் என்ற வரிசையில் கரைத்து, சுண்ணாம்பு கீழே படிந்த பிறகு தெளிந்த நீரை மட்டும் எடுங்கள். படிவு போனால், மருந்தைச் சொட்டுச் சொட்டாக விடும் குழாய் அடைத்துக்கொள்ளும். கண்ணாடி, கையுறை அணிந்துகொள்ளுங்கள். எந்த அமிலத்தோடும் சேர்ந்துவிடக் கூடாது, குளோரின் வாயு கிளம்பும். நீச்சல் குளத்துக்கென்று விற்கும் சில மாத்திரைகளில் சயனூரிக் அமிலம் சேர்ந்திருக்கும். தொட்டியில் போட அவை ஏற்றவையல்ல.

படி 5: டிபிடி சோதனையைச் சரியாகச் செய்யுங்கள்

குளோரின் அளக்கும் சிறிய பெட்டியில் இரண்டு கண்ணாடிக் குப்பிகளும், குளோரின் பட்டால் நிறம் மாறும் டிபிடி மாத்திரைகளும் இருக்கும். குழாயை ஓரிரு நிமிடம் ஓடவிட்டு, குப்பியை அதே நீரில் அலசி, 10 மில்லிலிட்டர் கோடு வரை பிடியுங்கள். மாத்திரையை விரலால் தொடாமல் உறையிலிருந்தே குப்பிக்குள் தள்ளி, சுத்தமான குச்சியால் நசுக்குங்கள். இளஞ்சிவப்பு நிறம் வரும். உடனே, ஒரு நிமிடத்துக்குள் ஒப்பிட்டுவிடுங்கள். வைத்திருந்து பார்த்தால் அம்மோனியாவோடு கட்டுண்ட குளோரினும் மெல்ல நிறம் கொடுத்து அளவு கூடிக் காட்டும். மஞ்சள் விளக்கு வெளிச்சத்தில் படிக்காதீர்கள். வெளியே வந்து பகல் வெளிச்சத்தில் பாருங்கள்.

ஒரு பொறி இருக்கிறது. குளோரின் மிக அதிகமாக இருந்தால் மாத்திரை போட்டதும் சிவப்பு ஒரு கணம் மின்னி, அப்படியே வெளுத்துவிடும். பார்ப்பவர் "பூஜ்யம்" என்று எழுதிவிட்டு மேலும் மருந்து போடுவார். சந்தேகம் வந்தால் அந்த நீரில் ஒரு பங்குடன் குளோரின் இல்லாத நீர் ஒன்பது பங்கு கலந்து மறுபடி அளந்து, விடையைப் பத்தால் பெருக்குங்கள். மாத்திரைக்குக் காலாவதித் தேதி உண்டு என்பதையும் பாருங்கள்.

படி 6: பொய் சொல்ல முடியாத பதிவேடு

கட்டங்கள் அதிகமாக வேண்டாம். தேதி, நேரம், தண்ணீர் மீட்டர் அளவு, போட்ட மருந்து, தொட்டியிலிருந்து வெளியேறும் இடத்தில் குளோரின், கடைசிக் குழாயில் குளோரின், கலங்கல், செய்த நடவடிக்கை, கையெழுத்து. அளவு குறைந்திருந்தால் "0.1. மருந்து கூட்டினேன், வரிசையின் கடைசி வால்வைத் திறந்துவிட்டேன், இரண்டு மணி நேரத்தில் 0.3" என்று எழுதியிருக்க வேண்டும். நல்ல ஆய்வாளர் குறைந்த அளவைக் கண்டு கோபப்பட மாட்டார். குறைந்ததும் என்ன செய்தீர்கள் என்றுதான் தேடுவார். வருடம் முழுக்க 0.5 என்றே இருக்கும் பதிவேடுதான் அவருக்குச் சந்தேகம் தரும்.

நிர்வாகக் குழுவுக்கு ஒரு சோதனை சொல்கிறேன். மாதக் கடைசியில் மீட்டரையும் மருந்து இருப்பையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தினம் 50,000 லிட்டர், லிட்டருக்கு 2 மில்லிகிராம் என்றால் 30 நாளுக்கு 3 கிலோ குளோரின், 25 சதவீதப் பவுடரில் 12 கிலோ. இருப்பில் 5 கிலோதான் குறைந்திருக்கிறது, பதிவேட்டிலோ தினமும் அளவு சரியாக இருக்கிறது என்றால் இரண்டில் ஒன்று பொய். இதைக் கேட்க வேதியியல் படித்திருக்க வேண்டியதில்லை.

கேட்கும்போது ஆபரேட்டரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றாதீர்கள். அவர் ஏன் அளக்கவில்லை என்று பார்த்தால், பெரும்பாலும் மாத்திரை தீர்ந்திருக்கும், கேட்டும் யாரும் வாங்கித் தந்திருக்க மாட்டார்கள். அவர் விடுப்பில் போகும் நாளுக்கு இன்னொருவருக்கும் இந்த வேலை முழுவதும் தெரிந்திருக்க வேண்டும்.

படி 7: ஆய்வகத்துக்கு மாதிரி எடுப்பது

5,000 பேருக்குக் குறைவான குழாய்த் திட்டங்களுக்கு வருடத்தில் குறைந்தது 12 கிருமிச் சோதனை மாதிரிகள் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. உங்கள் விதி இன்னும் அதிகம் கேட்கலாம். எல்லாவற்றையும் தொட்டிக்குப் பக்கத்துக் குழாயிலேயே எடுத்தால் அறிக்கை அழகாக வரும், உபயோகம் இருக்காது. தொட்டி, வரிசையின் கடைசி, அழுத்தம் குறைந்த தெரு என்று மாற்றி மாற்றி எடுங்கள்.

ஆய்வகம் தரும் கிருமி நீக்கிய பாட்டிலை மட்டுமே பயன்படுத்துங்கள். அதன் அடியில் இருக்கும் தூளையோ துளியையோ அழுக்கென்று கழுவிக் கொட்டிவிடாதீர்கள். அது தையோசல்ஃபேட், குளோரினை அந்தக் கணமே நிறுத்துவதற்காக வைத்தது. அது இல்லையென்றால் போகிற வழியிலும் குளோரின் கிருமியைக் கொன்றுகொண்டே இருக்கும், முடிவு பொய்யாக நன்றாக வரும்.

குழாய் முனையில் வலையோ ரப்பர் குழாயோ இருந்தால் கழற்றுங்கள். முனையைத் துடைத்து, சுடர் காட்டியோ குளோரின் கரைசலிலோ சுத்தம் செய்து, இரண்டு மூன்று நிமிடம் ஓடவிடுங்கள். மூடியின் உட்புறம் எதையும் தொடக் கூடாது, தரையில் வைக்கவும் கூடாது. குலுக்குவதற்குக் கொஞ்சம் இடம் விட்டுப் பிடித்து, உடனே ஐஸ் பெட்டியில் வையுங்கள். 6 மணி நேரத்துக்குள் ஆய்வகம் போய்ச் சேர்வது சிறப்பு, 24 மணி நேரத்தைத் தாண்டவே கூடாது. அதே குழாயில் அப்போதைய குளோரின் அளவையும் படிவத்தில் எழுதுங்கள். பின்னால் முடிவு கெட்டு வந்தால் முதலில் தேடுவது அதைத்தான்.

படி 8: முடிவு கெட்டு வந்தால்

ஈ.கோலை என்று வந்துவிட்டால், "மாதிரி எடுத்ததில்தான் ஏதோ தவறு" என்று மறுசோதனைக்குக் காத்திருக்காதீர்கள். தவறாக இருந்தால் ஊர் சில நாள் வீணாகத் தண்ணீரைக் கொதிக்க வைத்திருக்கும், அவ்வளவுதான். அன்றே அதிகாரிக்குச் சொல்லுங்கள். அன்றே கொதிக்க வைக்கச் சொல்லும் அறிவிப்பைக் கொடுங்கள். அன்றே மறு மாதிரி எடுங்கள். அமெரிக்க விதி இதற்கு நல்ல முறை வைத்திருக்கிறது: 24 மணி நேரத்துக்குள் மூன்று மாதிரி. ஒன்று அதே குழாயில், ஒன்று அதற்கு மேல்பக்கம் ஐந்து இணைப்புக்குள், ஒன்று கீழ்ப்பக்கம் ஐந்து இணைப்புக்குள். கோளாறு அந்த வீட்டோடு நிற்கிறதா, வரிசை முழுக்க இருக்கிறதா என்று இதிலேயே தெரிந்துவிடும். அப்புறம் நோட்டை எடுத்துக்கொண்டு படி 2க்குத் திரும்புங்கள்.

அறிவிப்பு ஐந்து வரி போதும்: "குழாய்த் தண்ணீரில் கிருமி கண்டறியப்பட்டுள்ளது. குடிக்கவும் சமைக்கவும் பல் துலக்கவும் ஐஸ் செய்யவும், தளதளவென்று ஒரு நிமிடம் கொதித்து ஆறிய நீரையே பயன்படுத்துங்கள். குளிக்கலாம், துணி துவைக்கலாம். குளிக்கும் குழந்தைகள் நீரை விழுங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். அடுத்த தகவல் நாளை மாலை 5 மணிக்கு." கடைசி வரி இல்லாவிட்டால் வதந்திதான் தகவல் சொல்லும். கடல்மட்டத்திலிருந்து 2,000 மீட்டருக்கு மேல் உள்ள ஊர்களில் மூன்று நிமிடம் என்று மாற்றுங்கள்.

நைட்ரேட் மிகுந்தால் இந்த அறிவிப்பையே கொடுத்துவிடாதீர்கள். கொதிக்கக் கொதிக்க நீர் ஆவியாகி நைட்ரேட் செறிவு கூடும். புட்டிப்பால் குடிக்கும் கைக்குழந்தைகளுக்கு ரத்தம் ஆக்சிஜன் சுமக்க முடியாமல் உடல் நீலம் பாயும். அந்த வீடுகளுக்கு வேறு தண்ணீர் கொண்டுபோய்க் கொடுப்பது ஒன்றே வழி.

ஈ.கோலை இல்லாமல் மொத்த கோலிஃபார்ம் (ஈ.கோலையும் அடங்கிய பெரிய கிருமிக் கூட்டம்) மட்டும் வந்தால் அவ்வளவு அவசரம் இல்லை. ஆனால் எங்கோ ஒரு மூடி திறந்திருக்கிறது அல்லது குளோரின் போய்ச் சேரவில்லை என்பதற்கான அறிகுறி. ஆகவே மறு மாதிரியும் நடைப் பரிசோதனையும் அதற்கும் உண்டு.

கொதிக்க வைக்கும் அறிவிப்பைத் திரும்பப் பெறுவது உங்கள் முடிவில்லை, அதிகாரியின் முடிவு. அடுத்தடுத்து இரண்டு முறை மாதிரிகள் சுத்தமாக வந்து, காரணமும் கண்டுபிடித்துச் சரிசெய்த பிறகே கேளுங்கள்.

படி 9: பழுதும் தொட்டி கழுவலும்

குழாய் உடைந்தால், முடிந்தவரை சிறிது அழுத்தம் இருக்கும்படியே வால்வைத் திருகிவைத்துத் தோண்டுங்கள். நீர் வெளியே வரும்வரை அழுக்கு உள்ளே போகாது. குழியில் தேங்கும் நீரை இறைத்து, உடைப்புக்குக் கீழே மட்டம் நிற்கும்படி வையுங்கள். புதிய துண்டின் உட்புறத்தையும் வெட்டிய முனைகளையும் 1 சதவீதக் குளோரின் கரைசலால் துடைத்து மாட்டி, நீர் தெளியும்வரை ஓடவிட்டு, குளோரின் அளந்த பிறகே வீடுகளுக்குத் திறங்கள்.

தொட்டி கழுவ உள்ளே இறங்குபவர் தனியாக இறங்கக் கூடாது. மூடியைத் திறந்து காற்றோட்டம் விட்டு, மேலே ஓர் ஆள் நிற்க, கயிற்றோடு இறங்க வேண்டும். வண்டலை அள்ளி, சுவரைத் தேய்த்து, கழுவிய நீரை விநியோகக் குழாய்க்குப் போகாமல் வடிகால் வழியாக வெளியேற்றுங்கள். பிறகு லிட்டருக்கு 50 மில்லிகிராம் குளோரின் கலந்த நீரால் நிரப்பி ஒரு நாள் வைத்திருங்கள். இதை ஓடையிலோ குளத்திலோ திறந்துவிட்டால் மீன் செத்துப்போகும். தையோசல்ஃபேட் போட்டுக் குளோரினை அடக்கிவிட்டு வெளியேற்றுங்கள். நல்ல நீர் நிரப்பி, குளோரின் வழக்கமான அளவுக்கு வந்ததும் ஒரு கிருமிச் சோதனை எடுத்து, அதன் முடிவு சுத்தமாக வந்த பிறகு வால்வைத் திறக்கலாம்.